வஜ்ஜிரம் விட்ட பியானோ

பியானோ என்றவுடன் தமிழ் வாசகர் மனத்தில் எழும் சித்திரம் பெரும்பாலும் திரைப்படம் தந்தது. செல்வந்தர் வீட்டுக் கூடம், வளைந்து இறங்கும் மாடிப்படி, முகம் பார்க்கலாம் போன்ற கறுப்புப் பெட்டி, அதன் முன் அமர்ந்து யாருக்காகப் பாடுகிறாரோ அவரைப் பாராமலே பாடும் நாயகன். இந்தத் திரை உலகத்துக்குக் கோவையும் அந்நியமான ஊர் அன்று. சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் இங்கேதான் இயங்கின. எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் இளைஞரான எம்.எஸ். விஸ்வநாதன் தொழில் பழகியதும் இங்கேதான். ஆயினும் பியானோ நமக்குக் காட்சியாக அறிமுகமான அளவுக்குப் பொருளாக அறிமுகமாகவில்லை. அது மரமும் பசையும் இரும்பும் சேர்ந்து ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நிற்கும் ஓர் அமைப்பு என்பதும், அந்த இழுபறியில் முதலில் தோற்பது மரம் என்பதும் நாம் எண்ணிப் பார்க்காத செய்திகள்.

பியானோவின் வரலாறு பொதுவாக இசையமைப்பாளர்களின் வழியாகவும் தயாரிப்பாளர்களின் வழியாகவும் எழுதப்பட்டுள்ளது. பழுது பார்த்தவர்களின் வழியாக அதை எழுதினால் எப்படி இருக்கும்? அதிலும் குளிர்நாட்டு மரத்தால் செய்யப்பட்டு, கப்பலேறி, கொங்கு நாட்டின் வெயிலுக்கும் நீலகிரியின் பனிமூட்டத்துக்கும் வந்து சேர்ந்த பியானோக்களின் மர உடலைப் பற்றி எழுதினால்? இந்தக் கட்டுரையில் நாம் முயல்வது அதுதான்.

*

முதலில் உடலைப் பற்றிச் சில அடிப்படைகள்.

கிராண்ட் பியானோ எனப்படும் படுக்கைவாட்டுப் பியானோவின் வெளிப்புறத்தில் நாம் காணும் வளைந்த மரச்சுவர் வெறும் உறை அன்று. வெளிவளையம், அதனுள் ஒட்டிய உள்வளையம், அடியில் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் உத்தரங்கள், முன்பக்கம் விசைக்கட்டைகளைத் தாங்கும் தளப்பலகை, கம்பிகளை முறுக்கும் முளைகள் பதிந்த முளைப்பலகை ஆகிய எல்லாம் சேர்ந்ததே அதன் எலும்புக்கூடு. உள்வளையத்தின் மேல் ஸ்ப்ரூஸ் மரத்தாலான ஒலிப்பலகை ஒட்டப்பட்டிருக்கும். வீணைக்குக் குடம் எப்படியோ அப்படிப் பியானோவுக்கு அந்தப் பலகை. சற்றே மேல்நோக்கிக் குவிந்த அதன் வளைவில்தான் குரல் இருக்கிறது.

இந்த எலும்புக்கூட்டின்மேல் ஏறியிருக்கும் சுமை எவ்வளவு? இன்றைய பியானோ ஒன்றில் ஏறத்தாழ 230 கம்பிகள். அவை அனைத்தும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 18 முதல் 20 டன். கூடத்தில் அமைதியாக நிற்கும் அந்தப் பெட்டி உண்மையில் நாணேற்றிய வில். இரவும் பகலும், வாசிக்கப்பட்டாலும் படாவிட்டாலும், அந்த நாண் தளர்வதில்லை.

ஏறத்தாழ 1700ஆம் ஆண்டில் ஃபிளாரன்ஸ் நகரில் பார்த்தொலொமேயோ கிறிஸ்தோஃபொரி இந்தக் கருவியை உருவாக்கியபோது கம்பிகள் மெல்லியவை, இழுவிசை குறைவு. மரமே அதைத் தாங்கிவிட்டது. அடுத்த நூறாண்டுகளில் அரங்குகள் பெரிதாகின, ஒலி பெரிதாக வேண்டியிருந்தது, கம்பிகள் தடித்தன. மரப்பெட்டிகள் முறுக்கிக்கொள்ளத் தொடங்கின. உச்சஸ்தாயிப் பக்கமுள்ள முன்மூலை மெல்ல மேலெழும். பெட்டி முழுவதும் ஈரம் பட்ட புத்தக அட்டை போலத் திருகும். பழைய கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் முதலில் அந்த மூலையைத்தான் பார்க்கிறார்கள். இதற்கு மருந்தாக முதலில் இரும்புச் சட்டங்கள் ஆங்காங்கே பொருத்தப்பட்டன. 1825-ல் பாஸ்டன் நகரின் ஆல்ஃபியஸ் பாப்காக் சதுரப் பியானோவுக்கு ஒரே வார்ப்பிலான இரும்புச் சட்டகத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1843-ல் அதே நகரின் ஜோனஸ் சிக்கரிங் அதைக் கிராண்ட் பியானோவுக்குக் கொண்டுவந்தார். 1880-ல் ஸ்டைன்வே நிறுவனத்தின் தியோடோர் ஸ்டைன்வே, மெல்லிய மேப்பிள் பலகைகளைப் பசை தடவி அடுக்கி, ஒரே மூச்சில் வளைத்து இறுக்கி வளையம் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெரிய கருவிகளில் அந்த அடுக்குகள் பதினெட்டு வரை போகும்.

இழுவிசையின் பெரும்பகுதியை இரும்பு ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த இரும்பையும் ஒலிப்பலகையையும் தாங்குவது மரம்தான். அந்த மரத்தை மரத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தது நம் ஆசாரிகள் வஜ்ஜிரம் என்று அழைக்கும் பசை. விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. சிக்கல் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

*

கொங்கு நாட்டுக்குப் பியானோக்கள் வந்த பாதையைப் புரிந்துகொள்ள, பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தின் எல்லையை நினைவில் கொள்ள வேண்டும். இடையில் சில ஆண்டுகள் மலபாரோடு சேர்க்கப்பட்டிருந்ததைத் தவிர, 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஊட்டியில் ஐரோப்பியக் குடியிருப்பைத் தொடங்கிவைத்த ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். அவருக்குப் பின் மலைமேல் பெருகிய பங்களாக்களும் தேவாலயங்களும் மன்றங்களும் பள்ளிகளும் இங்கிலாந்தின் ஒரு துண்டை மலையில் நட்டுவைக்கும் முயற்சிகள். இங்கிலாந்துத் துண்டு என்றால் அதில் பியானோ இல்லாமல் இருக்காது.

1862-ல் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை நோக்கிய ரயில்பாதை போத்தனூர் வழியாகச் சென்றது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை வந்தது. ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலைரயில் ஏறியது 1899-ல். ஊட்டியை அது எட்டியது 1908-ல். அதுவரை மலைக்குப் போன கனமான பொருள்கள் அனைத்தும் மாட்டுவண்டியிலும் மனிதர் தோளிலும்தான் ஏறின. இன்றைய பெரிய கச்சேரிப் பியானோ ஒன்று ஏறத்தாழ 480 கிலோ எடை கொண்டது. வீடுகளுக்கு வந்தவை அதைவிடச் சிறியவை என்றாலும், அன்றைய மலைப்பாதையில் அவை என்ன பாடுபட்டிருக்கும், அவற்றைச் சுமந்தவர்கள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. சுமந்தவர்களின் பெயர்களை எந்தப் பியானோவும் தன் மூடியில் பொறித்துக்கொள்ளவில்லை.

வழியில் பட்ட அடிகளைக் காட்டிலும் வந்துசேர்ந்த இடத்தின் காற்றுதான் அவற்றுக்குப் பெரிய பகை. கோவை நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர் உயரத்தில், மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது. மேற்கே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்துகிடப்பதால் ஆடிக் காற்று தடையின்றி உள்ளே வருகிறது. மாசி, பங்குனிப் பிற்பகல்களில் காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கும். ஐப்பசி, கார்த்திகை விடியற்காலைகளில் அது 80ஐத் தாண்டும். அங்கிருந்து ஒருநாள் பயணத்துக்குள், 2200 மீட்டருக்கு மேலே, பருவமழைக் காலத்தில் சுவரும் சட்டையும் ஈரமாகவே இருக்கும் ஊட்டி. கோடையில் மலைக்கும் குளிரில் சமவெளிக்குமாக வாழ்ந்த குடும்பங்களும், மலையில் வீட்டைக் காலிசெய்து சமவெளியில் சாமான்களை ஏலம் விட்டவர்களும் ஒரு மரப்பெட்டிக்குச் செய்தது என்ன என்பதைச் சில எண்களால் பார்க்கலாம்.

வெட்டி உலர்த்திய பிறகும் மரம் காற்றிலிருந்து ஈரத்தை ஏற்றுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 40 சதவீதத்தில் நிலையாக இருந்தால் மரத்தின் ஈரம் அதன் எடையில் 8 சதவீதத்துக்கு அருகில் நிற்கும். 80 சதவீதத்தில் அது 16ஐ எட்டும். நீளவாக்கில் மரம் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் அசையும். ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் அகலமுள்ள ஸ்ப்ரூஸ் ஒலிப்பலகையை எந்தத் தடையுமின்றி விட்டால், இந்த இரு நிலைகளுக்கிடையே அது சுமார் 13 மில்லிமீட்டர் விரிந்து சுருங்கும். ஆனால் அது விடப்படவில்லை. சுற்றிலும் வளையத்தோடு ஒட்டப்பட்டிருக்கிறது. மழைக்காலத்தில் விரிய இடமின்றி அதன் நார்கள் ஒன்றையொன்று நசுக்கிக்கொள்கின்றன. நசுங்கிய நார் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கோடை வந்ததும் பலகை முன்னைவிடக் குறுகிச் சுருங்க, இழுபட்டுப் பிளக்கிறது. விரிசல் பங்குனியில் கண்ணுக்குத் தெரியும். அதன் காரணம் கார்த்திகையில் நிகழ்ந்திருக்கும். இந்த ஒரு உண்மையை அறியாமல் கோடையைக் குறைசொல்லிக்கொண்டே எத்தனையோ கருவிகளைக் கைவிட்டிருக்கிறார்கள்.

வளையத்துக்கும் இதே கதைதான். வஜ்ஜிரம் வறட்சியில் கல்லாக இறுகும். ஈரமும் வெப்பமும் சேர்ந்து வந்தால் இளகும். இளகிய நேரத்தில் அடுக்குகள் இடையே காற்றுப் புகும். வளைந்த பக்கம் வால்பகுதியைச் சந்திக்கும் இடத்தில் பொருத்து வாய்திறக்கும். உத்தரங்கள் தம் குழியிலிருந்து மயிரிழை அளவு விலகும். தளப்பலகை தொய்ந்தால் விசைக்கட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து, அழுத்தியவை எழாமல் கிடக்கும். முளைப்பலகையில் வெடிப்பு விழுந்தால் முளைகள் பிடி தளர்ந்து, காலையில் கூட்டிய சுருதி மாலைக்குள் இறங்கிவிடும். இவற்றோடு வெப்பநாட்டின் பங்காகக் கரையானும் உளுக்கும் பூச்சியும். வஜ்ஜிரமே பூச்சிகளுக்கு உணவு என்பது கூடுதல் துயரம்.

*

இதை ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் அறியாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் வெப்பநாடுகளுக்கென்றே தனி வகைப் பியானோக்களைச் செய்தனர். அலங்கார மரத்தோல் ஒட்டிய பெட்டிக்குப் பதிலாக முழுமரம், பெரும்பாலும் தேக்கு. பசையை மட்டும் நம்பாமல் பொருத்துகளில் திருகாணிகள், பித்தளைப் பட்டைகள், விசைக்கட்டைகளின் தந்தத் தகடுகளைப் பிடிக்கச் சிறு ஆணிகள், பூச்சி அரிக்காமல் இருக்கக் கம்பளிப் பகுதிகளுக்கு மருந்து.

தேக்கைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. பச்சை நிலையிலிருந்து முழுதும் உலரும்வரை, ஆண்டு வளையங்களின் போக்கில் தேக்கு சுமார் 5.8 சதவீதம் சுருங்கும். வட அமெரிக்கச் சர்க்கரை மேப்பிள் சுமார் 9.9 சதவீதம். அசைவு குறைந்த மரம் என்பதனால்தான் கப்பல் கட்டுவோர் அதை நாடினர். அதிலுள்ள எண்ணெய்ப் பசை பூச்சியைத் தடுக்கிறது. அதே எண்ணெய் வஜ்ஜிரத்தையும் சரியாகப் பிடிக்கவிடாது. ஆகவே தேக்குப் பெட்டிக்குத் திருகாணி அழகுக்காக வந்ததன்று, தேவையால் வந்தது.

இங்கே ஒரு வரலாற்று முரணை நாம் கவனிக்க வேண்டும். அந்தத் தேக்கின் ஊர்களில் ஒன்று கோயம்புத்தூர் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. ஆனைமலைக் காடுகளில் 1848-ல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற படை அதிகாரியின் பொறுப்பில் அரசு மரம் வெட்டும் பணியைத் தொடங்கியது. மலைமேலிருந்து கட்டைகளைச் சறுக்கிவிட்ட இடம் டாப்ஸ்லிப் என்றே பெயர் பெற்றது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. பிறகு ரயில்பாதைக்குப் போனது. கண்மண் தெரியாமல் வெட்டியதன் விளைவை ஈடுசெய்ய இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் உழைத்த ஹியூகோ வுட், 1933-ல் மறைந்து அந்தக் காட்டிலேயே அடக்கமானார். 1902-ல் கோவையில் காஸ் வன அருங்காட்சியகமும் 1912-ல் வனக்கல்லூரியும் தோன்றின. மரத்தை அறிவியலாகப் படிக்கும் ஊராகக் கோவை மாறியது.

அதாவது, வெப்பநாட்டுக்கு ஏற்ற மரம் இங்கிருந்து வெளியேறிக்கொண்டிருந்த அதே பத்தாண்டுகளில், இந்நாட்டுக்கு ஏலாத மரத்தால் செய்த பெட்டிகள் இங்கே வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வந்தவற்றில் தேக்குப் பெட்டிகளும் உண்டுதான். ஆனால் பெட்டி தேக்கானாலும் ஒலிப்பலகை ஸ்ப்ரூஸ்தான். குரலுக்கு வேறு மரம் கிடைக்கவில்லை.

*

வந்த பெட்டிகள் வாய்திறந்தபோது யார் மூடினார்கள்?

சென்னையில் 1842-ல் மிஸ்குவித் என்பவர் தொடங்கிய நிறுவனம் பியானோ, ஆர்கன் ஆகியவற்றை விற்றதோடு பழுதும் பார்த்தது. பின்னர் கைமாறி மியூசி மியூசிகல் என்ற பெயரில் அண்ணா சாலையில் தொடர்ந்தது. தென்னிந்தியாவின் மேற்கத்திய இசை வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. ஆனால் சென்னைக்கு அனுப்பிப் பழுது பார்க்கும் வசதி எல்லாருக்கும் எல்லாக் காலத்திலும் வாய்க்கவில்லை. ஊரிலிருந்த ஆசாரியை அழைப்பதே இயல்பு. கட்டில் செய்தவரும் கதவு செய்தவரும் பியானோவின் முன் வந்து நின்றார்கள்.

அவர்களுடைய மரபை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. அவிநாசித் தேரைப் போன்ற பெருந்தேர்களைக் கட்டிக் காத்த மரபு அது. தேருக்குப் பசை கிடையாது. கழுந்தும் துளையும் ஆப்பும்தான். ஆண்டு முழுதும் வெயிலிலும் காற்றிலும் நின்ற தேரின் பொருத்துகள் தளர்ந்திருக்கும். தேரோட்டத்துக்கு முன் ஆசாரிகள் வந்து ஆப்பை அடித்து இறுக்குவார்கள். மரம் அசையும் என்பதை ஒப்புக்கொண்டு, அசைவுக்குப் பின் மீண்டும் இறுக்க வழிவைத்துச் செய்யும் அறிவு அது. பியானோ நேர்மாறான நம்பிக்கையில் செய்யப்பட்டது: பொருத்து ஒருமுறை ஒட்டினால் என்றைக்கும் அசையாது என்ற நம்பிக்கை. இந்த இரண்டு அறிவுகளும் ஒரு பெட்டியின் முன் சந்தித்தபோது, சில நேரம் நல்லது நடந்தது. சில நேரம் கேடு நடந்தது.

கேடு எப்படி நேரும் என்பதை விளக்கினால் சரியான முறையும் விளங்கிவிடும். வாய்திறந்த பொருத்தைக் கண்டதும் முதலில் எழும் எண்ணம் அதை இறுக்கிப் பிடித்து இரும்பு ஆணி அடிப்பது. ஆனால் பொருத்தைத் திறந்து வைத்திருப்பது பல டன் இழுவிசை. நாண் ஏறிய நிலையில் வில்லை ஒட்டவைக்க முடியுமா? ஆணி ஓராண்டு பிடிக்கும். பிறகு துருப்பிடித்து மரத்தையும் சேர்த்துக் கிழிக்கும். வெடிப்பில் தேங்காய் நார் கலந்த மெழுகையோ மரத்தூள் கலந்த பசையையோ திணித்தால், அடுத்த மழையில் மரம் விரியும்போது அந்தத் திணிப்பே ஆப்பாகி வெடிப்பை நீட்டிவிடும்.

முறையான வேலை இழுவிசையை இறக்குவதில் தொடங்குகிறது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாக அவிழ்த்துச் சென்றால் சுமை ஒருபக்கம் சாய்ந்து இரும்புச் சட்டகமே வெடிக்கக் கூடும். ஆகவே எல்லாப் பகுதிகளிலும் சிறிது சிறிதாக, பல சுற்றுகளில் தளர்த்த வேண்டும். பிறகு கம்பிகள் கழற்றப்படும். தேவையானால் இரும்புச் சட்டகம் பாரந்தூக்கியால் எடுக்கப்படும். அப்போதுதான் மரம் தன் உண்மையான வடிவத்தைக் காட்டும். விலகிய பொருத்து தானாகவே பாதி மூடிக்கொள்வதும் உண்டு.

அடுத்தது பழைய பசையை நீக்குதல். இளஞ்சூட்டு ஈரத்தால் இளக்கி, மரத்தைச் சுரண்டாமல் எடுக்க வேண்டும். பழைய பசையின்மேல் புதுப்பசை பிடிக்காது என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், வஜ்ஜிரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு: புதிய வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தை இளக்கி அதனோடு கலந்துவிடும். பின்னர் பசை இல்லாமலே ஒருமுறை கிளாம்ப்களைப் போட்டு இறுக்கிப் பார்க்க வேண்டும். வெறும் பொருத்தே மூடாவிட்டால், பசை மூடிவிடும் என்று எதிர்பார்ப்பது வீண். வளைவுக்கு ஏற்றபடி இழைத்த முட்டுக்கட்டைகளை வைத்து, மரத்தில் தழும்பு விழாமல், இருபக்கமும் சமமாக இறுக்கிக் காயவிட வேண்டும். ஒலிப்பலகையின் வெடிப்பில் அதே ஸ்ப்ரூஸ் மரத்தின் மெல்லிய கீற்றை, இழையோட்டம் மாறாமல் வைத்து ஒட்டி இழைப்பதே மரபு. அதுவும் வறண்ட பருவத்தில், வெடிப்பு முழுதாக வாய்திறந்திருக்கும்போது. பிடிவிட்ட திருகாணித் துளையில் வைரம் பாய்ந்த மரமுளையை ஒட்டி, புதிதாகத் துளையிட வேண்டும். இவற்றில் எதுவும் மந்திரம் அன்று. எல்லாம் பொறுமை.

*

கோவையின் தொழில் வரலாற்றை அறிந்தவர்களுக்கு இங்கே ஓர் எண்ணம் எழும். பியானோவின் மர உடலுக்கு வேண்டிய அறிவு அனைத்தும், வேறு வேறு பெயர்களில், இந்த ஊரில் ஏற்கெனவே இருந்தது.

1888-ல் ஸ்டேன்ஸ் தொடங்கிய முதல் நூற்பாலைக்குப் பின், குறிப்பாக 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்த பின், ஊரெங்கும் ஆலைகள் எழுந்தன. காற்று வறண்டால் நூல் அறும். ஆகவே ஆலைக்குள் ஈரக்காற்றைச் செலுத்தவும், ஈரக்குமிழ், உலர்குமிழ் வெப்பமானிகளை ஒப்பிட்டு ஈரப்பதத்தைக் கணக்கிடவும் தொழிலாளர்கள் பழகினார்கள். ஈரப்பதத்தை எண்ணால் அறிந்து ஒரே அளவில் நிறுத்திவைக்கும் பழக்கம்தான் பியானோவுக்குத் தரக்கூடிய மருந்துகளில் தலையாயது. பழுது பார்த்த பெட்டியை மறுபடி கோடையிலும் மழையிலும் கேட்பாரற்று விட்டால், எந்த ஆசாரியின் வேலையும் நிலைக்காது. ஆலையில் நூலுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு, கூடத்திலிருந்த பியானோவுக்குக் கிடைக்கவில்லை.

மற்றொன்று வார்ப்படத் தொழில். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் உருவாக்கியதையொட்டி வளர்ந்த பம்புத் தொழில் கோவையை வார்ப்பட நகரமாக்கியது. பம்பின் உடலும் பியானோவின் சட்டகமும் ஒரே குடும்பம்: சாம்பல்நிற வார்ப்பிரும்பு. அந்த இரும்பை வார்க்க முதலில் மரத்தில் அச்சுரு செய்ய வேண்டும். பேட்டர்ன் ஆசாரி என்று அழைக்கப்படும் தச்சர் அதைச் செய்கிறார். உருகிய இரும்பு ஆறும்போது ஏறத்தாழ 1 சதவீதம் சுருங்கும் என்பதனால், அவருடைய அளவுகோலே அந்த அளவுக்கு நீட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். மேலே ஒலிப்பலகைக்கு நாம் கணக்கிட்ட அசைவும் ஏறத்தாழ 1 சதவீதம்தான். நூற்றில் ஒரு பங்கு என்பது எவ்வளவு பெரிய தொகை என்பதை அன்றாடம் உணர்ந்த தச்சர்கள் ஊர் நிறைய இருந்தார்கள். ஒருபக்கம் மரத்தையும் மறுபக்கம் இரும்பையும் ஒரே கையில் அறிந்தவர்கள். ஆயினும் அவர்களுடைய பட்டறைக்கும் பியானோ நின்ற கூடத்துக்கும் இடையே இருந்த தூரம் சில மைல்களால் அளக்கக் கூடியதன்று. அந்தக் கூடத்துக்குள் அவர்கள் அழைக்கப்பட்டால், பின்வாசல் வழியாகத்தான் அழைக்கப்பட்டிருப்பார்கள். பியானோ அந்தஸ்தின் பொருளாக இருந்தவரை, அதன் மரம் அறிவின் பொருளாகவில்லை.

*

இனி, பழுது பார்ப்பதில் உள்ள அறப்பிரச்சினைக்கு வருவோம். எவ்வளவு மாற்றினால் அது பழைய கருவியாக இருக்கும்?

லண்டனைச் சேர்ந்த தாமஸ் பிராட்வுட் பேத்தோவனுக்கு 1817-ல் அனுப்பிய பியானோ, கடல்வழியாகத் திரியெஸ்தே துறைமுகத்துக்கும் அங்கிருந்து வண்டியில் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து 1818-ல் வியன்னாவுக்கும் சென்றது. மேட்டுப்பாளையத்துக்கு வந்த பியானோக்களுக்கு அது மூத்த உடன்பிறப்பு. பின்னர் அது லிஸ்ட் கைக்கு வந்து, அவரால் ஹங்கேரிய தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அதைச் சீரமைக்க முடிவெடுத்தபோது எழுந்த கேள்வி, ஒலிக்கவைப்பதா, உள்ளபடி காப்பதா என்பது. ஒலிக்கவைக்க வேண்டுமானால் நாணேற்ற வேண்டும். நாணேற்றினால் பழைய மரம் மீண்டும் முறுக்கும். ஒலிக்காமல் காத்தால் அது இசைக்கருவியா, மரப்பெட்டியா? எல்லாப் பழைய கருவிகளின் முன்னும் நிற்கும் கேள்வி இது.

வஜ்ஜிரத்தின் பெருமை இங்கேதான் விளங்குகிறது. இன்றைய எப்பாக்ஸிப் பசை அதைவிட வலிமையானது. ஈரத்துக்கு அஞ்சாதது. ஆனால் அடுத்த தலைமுறையில் யாரேனும் அந்தப் பொருத்தைத் திறக்க வேண்டியிருந்தால், மரத்தை உடைத்துத்தான் திறக்க வேண்டும். வஜ்ஜிரம் இளகும் என்பது அதன் குறை. அதுவே அதன் நற்குணமும். தான் செய்த வேலையைத் தனக்குப் பின் வருபவர் அவிழ்த்துப் பார்க்கலாம் என்று இடம் விட்டுவைப்பது அது. தேரின் ஆப்பும் அதே பண்பைக் கொண்டதுதான். உடைந்து சிதறிய முளைப்பலகைக்கு நவீனப் பசையைத் தவிர வேறு வழியில்லாத நேரங்கள் உண்டு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் அது கடைசி வழியாக இருக்க வேண்டும்.

தந்தத்தின் கதை வேறு. பழைய விசைக்கட்டைகளின் மேல் ஒட்டியிருக்கும் தந்தத் தகடுகளும் வஜ்ஜிரம் விட்டு உதிர்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், ஆப்பிரிக்கத் தந்தத்தையும் அதன் வரம்புக்குள் கொண்டுவந்த 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் அவற்றுக்கு ஈடு வாங்க வழியில்லை; தேவையும் இல்லை. யானையின் பெயரையே தாங்கிய மலை அடிவானத்தில் தெரியும் ஊரில் இருந்துகொண்டு அதற்காக வருந்தவும் நம்மால் முடியவில்லை.

நாம் உண்மையில் வருந்துவது வேறொன்றுக்காக. பியானோவின் மூடியில் பொன்னெழுத்தில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். பழுது பார்த்தவரின் பெயர் உள்ளே இருக்கும். விசைக்கட்டையின் பக்கவாட்டில், தளப்பலகையின் மேல், ஒலிப்பலகையின் அடியில் பென்சிலால் தம் பெயரையும் தேதியையும் ஊரையும் குறித்துவைப்பது உலகெங்கும் இத்தொழிலாளர்களின் வழக்கம். அரங்கில் அவர்களுக்கு இடமில்லை. ஆகவே பெட்டிக்குள் எழுதிவைத்தார்கள். ஒரு பியானோ எந்த ஆண்டு எந்த ஊரில் இருந்தது, எந்த மழைக்குப் பின் திறக்கப்பட்டது என்பதை அறிய அந்தப் பென்சில் கோடுகளைவிட நம்பகமான ஆவணம் இல்லை.

பழைய பெட்டியைப் புதிதாக்கும் ஆர்வத்தில் உப்புத்தாள் முதலில் அழிப்பது அவற்றைத்தான். அதற்கும் முன்பே, பெட்டியை மரவிலைக்குப் போட்டு, இரும்பை எடைக்குப் போட்டுவிட்டால், கோடு மட்டுமல்ல, அது எழுதப்பட்ட பலகையும் போய்விடும். கொங்கு நாட்டிலும் நீலகிரியிலும் பியானோ வைத்திருக்கும் பள்ளிகளும் தேவாலயங்களும் வீடுகளும் இன்னும் உண்டு. அவற்றில் வாசிக்கத் தெரிந்தவர் இல்லாமல் பூச்சட்டி வைக்கும் மேடையாக நிற்பவை எத்தனை என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அப்படி ஒரு பெட்டி உங்கள் பொறுப்பில் இருந்தால், அதைப் பழுது பார்ப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வதற்கு முன் சிலவற்றைச் செய்யலாம். வெயில் படும் சன்னலிலிருந்து அதைத் தள்ளிவையுங்கள். இழுத்துச் செல்லாமல் தூக்கி வையுங்கள், ஏனெனில் இழுப்பில் முதலில் முறிவது கால்களின் பொருத்து. மலிவான ஈரப்பதமானி ஒன்றை அருகில் வைத்து, ஆண்டு முழுதும் அது காட்டும் எண்ணைக் குறித்துவையுங்கள். தொழில் தெரிந்த ஒருவரை அழைத்து முன்பலகையைக் கழற்றச் சொல்லி, உள்ளே எழுதியிருப்பதைப் படம் எடுத்துவையுங்கள். அவர் வேலையை முடித்துப் போகும்போது அவர் கையில் ஒரு பென்சிலைக் கொடுங்கள். தம் பெயரையும் தேதியையும் ஊரையும் அவர் தமிழிலேயே எழுதட்டும். நூறு ஆண்டுகளுக்குப் பின், வஜ்ஜிரம் மறுபடி விட்டுப்போய், யாரோ ஒருவர் அந்தப் பொருத்தைத் திறக்கும்போது, தமக்கு முன் இங்கே யார் அமர்ந்து வேலை செய்தார்கள் என்பதை அவர் அறிந்துகொள்வார்.